பூனையின் சிறுநீரில் புரதமா? அவசரப்பட்டுத் தயிர்ச்சோறுக்கு மாற்றாதீர்கள்!

கோவை கணபதியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் வீடுகளும் கலந்தே கிடக்கும். எலித் தொல்லைக்காகப் பட்டறைக்குள் வந்து சேர்ந்த பூனைகள் பல இன்று வீட்டு சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்கின்றன. முன்பெல்லாம் பூனை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் 'வெளியே எங்கேயோ தின்னுட்டு வந்திருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். இப்போது கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் நடக்கிறது.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்ததும்தான் பல வீடுகளில் கலக்கம் தொடங்குகிறது. 'புரோட்டீன்: 2+'.

மனிதர்களுக்குச் சிறுநீரில் புரதம் போனால் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். சர்க்கரை நோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் இது தெரிந்த சங்கதிதான். அதே கணக்கைப் பூனைக்கும் போட்டுவிடுகிறார்கள். 'கறியும் முட்டையும் போட்டதால்தான் இப்படி' என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து பூனைத் தட்டில் தயிர்ச்சோறு விழ ஆரம்பிக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த மாற்றம், ஆரோக்கியமாக இருந்த பூனையையும் நோயாளியாக்கிவிடும்.

பூனையின் சிறுநீரில் புரதம் ஏன் வருகிறது? சாப்பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எப்போது பயப்பட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சல்லடையும் ஓட்டையும்

சிறுநீரகம் ஒரு சல்லடை. ரத்தத்தில் இருக்கும் கழிவுகளையும் அதிகப்படி தண்ணீரையும் கீழே விட்டுவிட்டு, உடலுக்கு வேண்டியதை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்புமின் போன்ற புரதங்கள் அளவில் பெரியவை. நல்ல சல்லடையில் அவை கீழே இறங்குவதில்லை. அப்படியே கொஞ்சம் தப்பி இறங்கினாலும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் புரதம் போகும். அதற்கு மேல் போனால் சல்லடையில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள்.

பூனை விஷயத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த நோயும் இல்லாத பூனையின் சிறுநீரிலேயே மனிதருடையதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகப் புரதம் இருக்கும். அதில் பெரும்பகுதி சல்லடை ஓட்டை வழியாக ஒழுகியது அல்ல. சிறுநீரகமே தயாரித்து, வேண்டுமென்றே சிறுநீரில் சேர்த்து அனுப்பியது.

ஜப்பானில் பிடிபட்ட புரதம்

இந்தப் புரதத்தைக் கண்டறிந்து சொன்னவர்கள் ஜப்பானின் மோரியோகா நகரில் உள்ள இவாத்தே பல்கலைக்கழக விஞ்ஞானிகள். மசாவோ மியாசாக்கி, டெட்சுரோ யமாஷிட்டா ஆகியோர் அடங்கிய குழு 2003-ல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அவர்கள் இதற்கு வைத்த பெயர் 'காக்சின்'. ஆரோக்கியமான பூனையின் சிறுநீரில் உள்ள மொத்தப் புரதத்தில் சுமார் 90 சதவிகிதம் இதுதான்.

காக்சின் எதற்காக? 2006-ல் அதே குழு விடை சொன்னது. காக்சின் ஒரு நொதி, அதாவது என்சைம். சிறுநீரில் இருக்கும் ஒரு சிறு மூலக்கூறை அது வெட்டி, 'ஃபெலினைன்' என்ற பொருளை உண்டாக்குகிறது. ஃபெலினைன் கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம். பூனையின் சிறுநீரில் இது இருப்பதை வெஸ்டால் என்ற ஆய்வாளர் 1953-லேயே பதிவு செய்திருந்தார். அது எப்படி உருவாகிறது என்பது விளங்கத்தான் அரை நூற்றாண்டு ஆனது.

ஃபெலினைனுக்கு அவ்வளவாக வாசனை கிடையாது. ஆனால் காற்றுப் பட்டு, நேரம் ஆக ஆக, அது உடைந்து கந்தகம் கலந்த ஆவியாக மாறுகிறது. வாசல் கதவில், பைக் சீட்டில், துவைத்துக் காயப்போட்ட துணியில் கடுவன் பூனை பீய்ச்சிவிட்டுப் போனால், நேரம் போகப் போக மூக்கைத் துளைக்கிறதே, அந்த நாற்றம் இதுதான்! வேடிக்கை என்னவென்றால், வறுத்த காபிக்கொட்டையின் மணத்திலும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. அளவு குறைந்தால் மணம், கூடினால் நாற்றம்.

பூனைக்கு இது ஒரு முகவரிச் சீட்டு. 'இந்த இடம் என்னுடையது' என்று எழுதி ஒட்டுவது போல. குட்டிகளுக்கு இந்தச் சீட்டு தேவையில்லை. சுமார் 3 மாத வயதுக்குப் பிறகுதான் காக்சின் சிறுநீரில் வரத் தொடங்குகிறது. வளர்ந்த கடுவனுக்கு மிக அதிகம். பெண் பூனைக்குக் குறைவு. கருத்தடை ஆபரேஷன் செய்த ஆண் பூனைக்கும் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு நாற்றம் குறைவதற்குக் காரணம் இதுதான்.

எனவே, ஆபரேஷன் செய்யாத ஓர் இளம் கடுவனின் ரிப்போர்ட்டில் 'புரோட்டீன் 2+' என்று வந்தால், அது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். 'நான் ஒரு வாலிபக் கடுவன்' என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம்.

புலியிலும் உண்டு

வீட்டுப் பூனை மட்டுமல்ல. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் சிறுநீரிலும் காக்சினை ஒத்த புரதங்கள் இருப்பதைப் பிற்பாடு பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனைமலைக் காட்டில் மரத்தின் மீது பீய்ச்சிவிட்டுப் போகும் புலியும், கணபதி வீட்டு கேட்டில் பீய்ச்சும் கடுவனும் செய்வது ஒரே வேலைதான்.

இந்தத் துறையில் இந்தியருக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரத்தன் லால் பிரம்மச்சாரி, ஒடிசாவின் சிமிலிபாலில் வன அதிகாரி சரோஜ் ராஜ் சவுத்ரி வளர்த்த 'கைரி' என்ற பெண் புலியிடமிருந்து பல விஷயங்களைக் கற்றுக்கொண்டவர். புலி பீய்ச்சும் திரவத்தில், பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள் இருப்பதை அவரும் அவருடைய குழுவினரும் 1990-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ரம்பை இலை மணப்பதும் அதே பொருளால்தான்.

தமிழ்நாட்டில், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அர்ச்சுனன் குழுவினர், எலிகளின் சிறுநீரில் வரும் புரதங்கள் வாசனைப் பொருள்களைச் சுமந்து செல்வது பற்றியும், வெளிமான்கள் சிறுநீரால் இடம் குறிப்பது பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். விலங்கின் சிறுநீரில் புரதம் என்றாலே கழிவு, நோய் என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு எலியும் ஒரு சாட்சி.

சாப்பாடு எந்த வழியில் நுழைகிறது?

பூனை தின்பதற்கும் அதன் சிறுநீரில் தெரியும் புரதத்துக்கும் மூன்று வழிகளில் தொடர்பு இருக்கிறது.

முதல் வழி, மூலப்பொருள். ஃபெலினைன் செய்யக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இந்த இரண்டும் இறைச்சி, மீன், முட்டையில் தாராளமாகக் கிடைப்பவை. ஒவ்வொரு நாளும் இவ்வளவு அருமையான சத்தை வாசனைக்காகச் செலவழிக்கிறது என்றால், அந்தப் பூனை நன்றாக வேட்டையாடித் தின்கிறது என்று அர்த்தம். வாசனையை வைத்தே எதிராளியின் வலிமையை மற்றப் பூனைகள் எடை போடுகின்றன என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு. எலிகளில் இது இன்னும் நேரடியாகத் தெரிகிறது. புரதம் குறைந்த தீனி கொடுத்தால், ஆண் எலியின் சிறுநீரில் இயல்பாக வரும் புரதமும் குறைந்துவிடும். அதாவது, சிறுநீரில் புரதம் குறைவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. உடம்பில் சத்து வற்றுவதாலும் குறையலாம்.

இரண்டாவது வழி, தண்ணீர். பூனைகளின் மூதாதையர் வறண்ட நிலத்துப் பிராணிகள். தாகம் குறைவு, சிறுநீரை மிகவும் சுண்ட வைத்து வெளியேற்றும். எலி, பறவை என்று பிடித்துத் தின்றபோது, அந்த மாமிசத்திலேயே முக்கால் பங்கு தண்ணீர் இருந்தது. பாக்கெட்டில் வரும் காய்ந்த தீனியில் தண்ணீர் 10 சதவிகிதம்தான். அதைத் தின்னும் பூனை கிண்ணத்திலிருந்து கூடுதலாகக் குடித்தாலும், மொத்தத்தில் ஈர உணவு தின்னும் பூனை அளவுக்கு அதன் உடலுக்குள் தண்ணீர் போவதில்லை. சிறுநீர் சுண்டிப்போகிறது. அரை லிட்டர் ரசத்தைக் கால் லிட்டராகச் சுண்ட வைத்தால் உப்பு கரிக்கும் அல்லவா? போட்ட உப்பின் அளவு ஒன்றுதான், அடர்த்திதான் கூடுகிறது. சிறுநீரில் புரதமும் அப்படித்தான். நனைத்துப் பார்க்கும் பட்டை அடர்த்தியைத்தான் காட்டும்; மொத்த அளவைக் காட்டாது.

மூன்றாவது வழிதான் பலருக்கும் தெரியாதது. அது அமில, காரத் தன்மை. இறைச்சி தின்னும் பூனையின் சிறுநீர் லேசான அமிலமாக இருக்கும். சோறு, பிஸ்கட், ரொட்டி என்று தானியம் மிகுந்தால் சிறுநீர் காரப் பக்கம் திரும்பும். நிறம் மாறும் பட்டையில் உள்ள ரசாயனத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சிறுநீர் அதிகக் காரமாக இருந்தால், புரதம் இல்லாவிட்டாலும் இருப்பதாகப் பச்சை நிறம் காட்டிவிடும். சிறுநீர் பிடித்த பாத்திரத்தில் ஃபினாயில், கிருமிநாசினி போன்றவை ஒட்டியிருந்தாலும் இதே ஏமாற்று வேலை நடக்கலாம்.

ஆக, 'புரதம் போகிறது' என்று பயந்து கறியை நிறுத்தித் தயிர்ச்சோறு போட்டால், அடுத்த பரிசோதனையில் பட்டை இன்னும் பச்சையாகக் காட்டவும் வாய்ப்பு இருக்கிறது!

தயிர்ச்சோற்றுக் கணக்கு

பிராணிகளைப் பார்க்கும் கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"ஏனுங்க டாக்டர், இனிமேல் கறியே போடக்கூடாதுங்களா? ரெண்டு நாளா தயிர்ச்சோறுதானுங்க வெச்சிட்டிருக்கேன்."

"அதெல்லாம் வேண்டாங்கம்மா. முதல்ல இன்னொரு டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம். அது வரைக்கும் எப்பவும் போடுறதையே போடுங்க."

டாக்டர் ஏன் அப்படிச் சொல்கிறார்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளுக்குக் குறைந்தது 12 முதல் 13 கிராம் புரதம் வேண்டும். தரமான புரதமாக இருந்தால்தான் இந்த அளவு போதும். 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராமுக்கும் குறைவு. 100 கிராம் தயிரில் சுமார் 3 கிராம். பூனை நாள் முழுக்க 200 கிராம் தயிர்ச்சோறு தின்றாலும் 6 கிராமைத் தாண்டாது. தேவையில் பாதிகூட இல்லை.

நாயோ மனிதனோ என்றால், புரதம் குறைவாகக் கிடைக்கும்போது உடல் செலவைக் குறைத்துக்கொள்ளும். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் கல்லீரல் புரதத்தை எரிக்கும் வேகத்தைக் குறைக்கத் தெரியாதது. வெளியிலிருந்து வரவில்லை என்றால் சொந்தத் தசையை உருக்கும். முதுகெலும்பு துருத்தி, பின்னங்கால் சூம்பி நிற்கும் பூனைகளைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று, டாரின். இது தாவர உணவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, பாலிலும் சொற்பம். இது இல்லாவிட்டால் பூனைக்கு விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-லேயே நிரூபித்தார்கள். இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய்க்கும் டாரின் குறைவு காரணம் என்பதை 1987-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பாக்கெட் தீனிகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது. ஆர்ஜினின் என்ற மற்றோர் அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு, பூனையின் ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடும் என்பது 1978-ல் தெரியவந்தது.

தயிர்ச்சோறு விஷமல்ல. ஆசைக்கு ஒரு வாய் நக்கினால் ஒன்றும் ஆகாது. அதையே சாப்பாடாக்குவதுதான் ஆபத்து.

அப்படியென்றால் எப்போது பயப்பட வேண்டும்?

புரதம் போவது உண்மையிலேயே நோயாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. வயதான பூனைகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் மிகவும் சகஜம். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை செய்யாமல் போகும்வரை ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறாது என்பதால், சிறுநீர் சொல்லும் சேதியை அலட்சியப்படுத்தக் கூடாது.

இதைத் தெளிவுபடுத்த ஒரு பரிசோதனை இருக்கிறது. சிறுநீரில் உள்ள புரதத்தை, அதே சிறுநீரில் உள்ள கிரியாட்டினினால் வகுத்துப் பார்ப்பது. மருத்துவர்கள் 'யூ.பி.சி' என்பார்கள். சிறுநீர் எவ்வளவு சுண்டியிருந்தாலும் இரண்டும் சேர்ந்தே சுண்டும் என்பதால், இந்த விகிதம் ஏமாற்றாது. உலக அளவில் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, பூனைக்கு இது 0.2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.2 முதல் 0.4 வரை எல்லைக்கோடு. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 0.4-க்கு மேல், அதுவும் திரும்பத் திரும்ப வந்தால், புரதக் கசிவு உறுதி. ஆபரேஷன் செய்யாத கடுவனுக்குக் காக்சின் காரணமாகவே விகிதம் சற்று உயர்ந்து நிற்கலாம் என்பதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

சிறுநீர்ப் பையில் கிருமித் தொற்றோ ரத்தக் கசிவோ இருந்தாலும் புரதம் ஏறும். ஆகவே முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதை விலக்கிவிட்டுத்தான் யூ.பி.சி-க்குப் போக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சிறுநீரக நுண்குழாய்கள் பழுதானால், அங்கே தயாராகும் காக்சின் குறையும். சல்லடை பழுதானால் ஆல்புமின் கூடும். 'மொத்தப் புரதம் எவ்வளவு' என்பதைவிட 'எந்தப் புரதம்' என்பதுதான் முக்கியமான கேள்வி.

கசிவு உறுதியானால் அது லேசான விஷயமல்ல. சிறுநீரக நோயுள்ள பூனைகளில், புரதக் கசிவு கூடக் கூட ஆயுள் குறைகிறது என்று லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள்.

நோய் வந்த பிறகு சாப்பாடு

இந்தக் கட்டத்தில்தான் உணவை மாற்றுவது மருந்தாகிறது. சிறுநீரக நோய்க்கென்றே தயாரிக்கும் உணவில் பாஸ்பரஸ் மிகவும் குறைவு. புரதம் ஓரளவு குறைவு, ஆனால் தரமானது. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு கூடுதல்.

இது எவ்வளவு உதவும்? 2000-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரக நோயுள்ள 50 பூனைகளைக் கவனித்தார்கள். இந்த உணவை ஏற்றுக்கொண்டவை 29, ஏற்காதவை 21. நோய் தெரிந்த பிறகு, உணவை ஏற்றவை வாழ்ந்த இடைநிலைக் காலம் 633 நாள். ஏற்காதவை 264 நாள். சாப்பிட மறுத்தவை ஏற்கெனவே அதிகம் நலிந்தவையாக இருந்திருக்கலாம் என்பதால் வித்தியாசம் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த உணவு நோய் உறுதியான பூனைக்கு, டாக்டர் சொன்ன பிறகு. ஆரோக்கியமான பூனைக்கு முன்னெச்சரிக்கையாகப் புரதத்தைக் குறைப்பதால் லாபம் இல்லை. நோயுள்ள பூனைக்கும் தயிர்ச்சோறு இதற்கு மாற்று ஆகாது. புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து சில வாரங்களில் மாற்ற வேண்டும். பட்டினி போட்டால் பசித்துத் தின்னும் என்ற கணக்கு பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆண் பூனை முக்கினால் காத்திருக்காதீர்கள்

சிறுநீரில் உள்ள புரதம் வேறொரு விதத்திலும் விளையாடும். சிறுநீர் சுண்டி, காரமாகவும் மாறினால், மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து மணல் போன்ற படிகங்கள் உண்டாகும். புரதமும் சளியும் அந்த மணலைப் பசை போல் சேர்த்துப் பிடித்து அடைப்பான் ஆக்கிவிடும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது; அங்கே போய் அடைத்துக்கொள்ளும்.

கணபதி பக்கம் பலர் 'போர் தண்ணி உப்பு, அதுதான் கல்லு வருது' என்பார்கள். தண்ணீர் உப்பா, சப்பா என்பதைவிட, பூனை போதுமான அளவு குடிக்கிறதா என்பதே பெரிய விஷயம்.

ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பல்லடத்தையும் நாமக்கல்லையும் பக்கத்தில் வைத்திருக்கும் கொங்கு நாட்டில் பூனைக்குப் புரதம் கிடைப்பது கஷ்டமில்லை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கறித் துண்டுகள், வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் நல்லவை. மஞ்சள், மிளகாய், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, அந்த வெந்த தண்ணீரோடு சேர்த்தே வைக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

வெறும் கறி மட்டுமே போதாது. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை. ஈரலைத் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிதமிஞ்சும். கருவாட்டில் உப்பு அதிகம். அதனால் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று அச்சிட்ட பூனைத் தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வீட்டுக் கறியையும் முட்டையையும் கூடவே சேர்ப்பது நல்ல வழி. நாய்த் தீனி பூனைக்கு ஆகாது. வளர்ந்த நாயின் தீனியில் ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 18 சதவிகிதம் புரதம் போதும். பூனைத் தீனிக்குக் குறைந்தது 26 சதவிகிதம் என்பது அமெரிக்க அளவுகோல்.

காய்ந்த தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வைக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான பாத்திரத்தில் வைத்தால் சில பூனைகள் கூடுதலாகக் குடிக்கும். 4 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும்.

சிறுநீர் மாதிரி எடுக்கும்போது, மணல் தட்டை நன்றாகக் கழுவி, கிருமிநாசினி வாடை போக அலசிக் காயவைத்து, உறிஞ்சாத மணிகளைப் போட்டுப் பிடிக்கலாம். சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரம் ஆனால் சிறுநீர் காரமாக மாறிவிடும். இன்னும் துல்லியம் தேவை என்றால் டாக்டரே ஊசி மூலம் நேரடியாகச் சிறுநீர்ப் பையிலிருந்து எடுப்பார். பூனை என்ன தின்கிறது, எவ்வளவு குடிக்கிறது, ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் படிக்க இந்த மூன்றும் அவருக்குத் தேவை.

காய்ச்சல், வலி என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

குப்பைமேனி கொடுத்த வியப்பு

காக்சினைக் கண்டுபிடித்த மியாசாக்கியின் குழு, 2021-ல் இன்னொரு புதிரையும் அவிழ்த்தது. சில செடிகளைக் கண்டால் பூனைகள் புரண்டு தேய்த்துக்கொள்வது வெறும் மயக்கத்தால் மட்டுமல்ல. அந்த இலைச் சாறு ரோமத்தில் ஒட்டிக் கொசுவை விரட்டுகிறது என்றார்கள். நம் ஊர்க் குப்பைமேனியின் வேரிலும் பூனையைச் சொக்க வைக்கும் இதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. அதற்குப் 'பூனைவணங்கி' என்று பெயர் வைத்த நம் முன்னோர், பூனையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த உன்னிப்புதான் இப்போதும் தேவை. ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்த்துத் தட்டில் இருப்பதை மாற்ற வேண்டாம். பூனை எடை குறைகிறதா, வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா, மணல் தட்டில் ஈரக்கட்டி பெரிதாகிறதா, ரோமம் சிலிர்த்து மங்குகிறதா என்று பாருங்கள். 7 வயதைத் தாண்டிய பூனைக்கு வருடம் ஒரு முறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். புரதம் என்று வந்தால், 'யூ.பி.சி பார்த்துவிடலாமா டாக்டர்?' என்று கேளுங்கள். அந்த விடை வரும்வரை, பூனைக்கு அதன் கறியும் முட்டையும் கிடைக்கட்டும்.